காத்திருக்கும் தானியமும் காத்திராத கிழங்கும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரே கிழங்கு இரண்டு வட்டாரங்களில் இரண்டு விதமான வேலையைச் செய்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அந்த அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஏழை வீடுகளில் அடுப்பெரியக் காரணமாக இருந்தது மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கு. 1880 முதல் 1885 வரை அங்கே ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், அரிசி கிடைக்காத நாளில் கைகொடுக்கும் என்று ஊக்கம் கொடுத்துப் பரப்பிய பயிர் அது. அதே போரின் நடுவே, 1943-இல், சேலத்தில் அந்தக் கிழங்கு ஆலைக்குப் போகத் தொடங்கியது. கடல்வழி வரத்து அடைபட்டு வெளிநாட்டு மாவும் ஜவ்வரிசியும் கிடைக்காமல் போகவே, மாணிக்கம் செட்டியார் என்ற சேலத்து வணிகர் மரவள்ளி மாவில் தொழில் தொடங்கினார். சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரம் முழுக்கப் பரவிய அந்தத் தொழில், 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைக்கும் அளவுக்கு வளர்ந்தது. தெற்கே சோற்றுக்குப் பதிலாகத் தட்டுக்கு வந்த கிழங்கு, இங்கே எடைபோட்டு விற்கும் சரக்கானது.

வீட்டுத் தேவைக்கு விளைவித்து, மிஞ்சியதை மட்டும் விற்பது தற்சார்பு விவசாயம். விற்பதற்கென்றே விளைவித்து, வந்த காசில் அரிசி பருப்பு வாங்குவது பணப்பயிர் விவசாயம். இவற்றில் எது நல்லது என்ற விவாதம் நம்மிடையே ஓயாமல் நடக்கிறது. ஒரு தரப்பு முதலாவதைப் பொற்காலமாகவும் இரண்டாவதைச் சூழ்ச்சியாகவும் பார்க்கிறது. மறு தரப்புக்கு முதலாவது பின்தங்கிய நிலை, இரண்டாவது முன்னேற்றம். மரவள்ளியின் கதையை இவ்விரு கட்சிகளும் விளக்க முடியாது. செடியும் கிழங்கும் ஒன்றாக இருக்க, அதைச் சுற்றியிருந்த ஏற்பாடுதான் மாறியது. ஆகவே பயிரின் பெயரை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் வாதம். விளைந்த பொருளோடு நல்ல விலை வரும்வரை காத்திருக்கும் வலு யாருக்கு இருக்கிறது? விலை விழும்போதும் பயிர் பொய்க்கும்போதும் அந்த நஷ்டம் யார் தலையில் விடிகிறது? ஒரு பயிர் ஊரை வாழவைக்குமா, கடனில் தள்ளுமா என்பதை இந்த இரண்டு கேள்விகளே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை நல்ல இடம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அடைய வேண்டிய இந்த மலையில் பெரும்பான்மையோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் நெல், சரிவில் மானாவாரியாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு, அவற்றுக்கு ஊடே துவரை, அவரை, கடுகு என்பதுதான் அவர்களுடைய பழைய விவசாயம். சாமையிலேயே பெருஞ்சாமை, மல்லியச்சாமை, திரிகுலச்சாமை என்றும், தினையில் செந்தினை, பெருந்தினை என்றும் பல வகைகள் வைத்திருந்தார்கள். ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று வறட்சி தாங்கும், ஒன்றுக்கு வைக்கோல் அதிகம். மழை ஏமாற்றினால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடாமல் ஏதாவது ஒன்று வீடு வந்து சேரும். விளைச்சல் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, பட்டினி வரக்கூடாது என்ற கணக்கு இது. தென்கிழக்கு ஆசிய உழவர்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட் 1976-இல் வெளியிட்ட நூலில் இந்த மனப்போக்கைத்தான் விளக்கினார்: பிழைப்புக்கும் பட்டினிக்கும் இடையே இடைவெளி குறைவாக உள்ளவர்கள் அதிக லாபத்தைவிடக் குறைந்த ஆபத்தையே தேர்ந்தெடுப்பார்கள், அதில் அறியாமை ஏதும் இல்லை.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தற்சார்பு விவசாயம் மனிதர்களைப் பசியிலிருந்து முழுதாகக் காத்ததே இல்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் மிகப் பலர் தங்கள் உணவைத் தாங்களே விளைவித்த புன்செய்க் குடியானவர்களும் அவர்களிடம் தானியக் கூலி வாங்கியவர்களும்தான். அந்த விவசாயம் சந்தைக்கு வெளியே இருந்தது என்று நினைப்பதும் தவறு. ரயத்துவாரி முறையில் நிலத்தீர்வையைக் காசாகக் கட்ட வேண்டியிருந்ததால் களத்திலிருந்த தானியம் அறுவடை முடிந்தவுடன், விலை தாழ்ந்திருக்கும் நேரத்திலேயே, கைமாறியது. நாடு பட்டினி கிடந்தபோதும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. அமர்த்தியா சென் 1981-இல் வறுமையையும் பஞ்சங்களையும் பற்றி எழுதிய நூல் இதற்கு ஒரு தெளிவான சட்டகம் தந்தது: ஊரில் தானியம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அதைப் பெறும் உரிமையும் வலுவும் ஒரு குடும்பத்துக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. தற்சார்பு விவசாயியின் உரிமை மழையில் தொங்கியது. பணப்பயிர் விவசாயியின் உரிமை, அவர் விற்கும் பொருளின் விலைக்கும் வாங்கும் அரிசியின் விலைக்கும் உள்ள விகிதத்தில் தொங்குகிறது. இரண்டிலும் ஆபத்து உண்டு, வரும் வழிதான் வேறு.

கொல்லிமலைச் சரிவுகளில் சாமை இருந்த இடத்தை மரவள்ளி பிடித்ததை இந்தப் பின்னணியில் பார்த்தால், அங்குள்ளவர்கள் ஏமாந்துபோனார்கள் என்று சொல்ல மனம் வராது. கீழே ராசிபுரம், ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. மலைக்குச் சாலையும் லாரியும் வந்தன. மரவள்ளி வறட்சி தாங்கும், மெலிந்த மண்ணிலும் வரும், விதைக்குச் செலவில்லை, பழைய செடியின் குச்சியை வெட்டி நட்டால் போதும். பத்து மாதத்தில் கைக்கு மொத்தமாகப் பணம் வரும். பிள்ளையைக் கீழே விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கவும், மருத்துவமனைச் செலவுக்கும், ஓட்டுவீடு கட்டவும் சாமை மூட்டை உதவாது, காசுதான் உதவும். பெண்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சாமையின் உமி கெட்டியானது. காயவைத்து, உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் ஒரு வேளைக்கான அரிசி தேறும். நாள் முழுக்கக் காட்டில் வேலைசெய்துவிட்டு வந்து இதையும் செய்தவர்களிடம், பாரம்பரிய உணவை ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்க நகரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உரிமை கிடையாது.

ஆனால் கிழங்குக்கென்று ஓர் இயல்பு உண்டு, அந்த இயல்பு விற்பவரின் கையைக் கட்டிப்போடுகிறது. உமி நீக்காத சாமையையும் கேழ்வரகையும் காயவைத்துக் கொட்டிவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. இந்த மாதம் விலை சரியில்லை என்றால் அடுத்த மாதம் விற்கலாம், விற்கவே முடியாவிட்டால் சமைத்துச் சாப்பிடலாம். பிடுங்கிய மரவள்ளியோ இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெடத் தொடங்கிவிடும். பிடுங்காமல் கொஞ்சகாலம் மண்ணிலேயே விட்டுவைக்க முடியும் என்பது உண்மைதான், ஆனால் மழை பெய்தால் மாவுச்சத்து இறங்கும், முற்றினால் நாராகும், அடுத்த நடவும் தள்ளிப்போகும். விலையோ மாவுச்சத்தைப் பொறுத்தது. ஆலை வாசலில் மாதிரிக்கு எடுத்த கிழங்கில் எத்தனை ‘பாயிண்ட்’ மாவு நிற்கிறது என்று அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று டன்னுக்கு விலை போடுகிறார்கள். அளக்கும் கருவி வாங்குபவரிடம் இருக்கிறது. லாரி வாடகை ஏறிக்கொண்டிருக்க, கிழங்கு கெட்டுக்கொண்டிருக்க, பாயிண்ட் குறைவு என்று சொன்னால் மலையிலிருந்து வந்தவர் மறுத்துப் பேசி லாரியைத் திருப்பிக்கொண்டு போக முடியாது. ஜவ்வரிசி பெரிதும் விற்பனையாவதோ மகாராஷ்டிரம் முதலான வடமாநிலங்களில், விரதநாள் உணவாக. அங்கே தேவை குறைந்தாலும், மக்காச்சோள மாவு மலிவாகக் கிடைத்து அதைக் கலக்கிறார்கள் என்ற புகார் எழுந்தாலும், அந்த அதிர்ச்சி முழுவதும் கடைசியில் வந்து இறங்குவது கிழங்கு நட்டவரின் மேல்தான்.

காத்திருக்கும் வலு என்பது வெறும் கற்பனை வாதம் இல்லை என்பதற்கு இந்தத் தொழிலுக்குள்ளேயே சான்று இருக்கிறது. ஒரு காலத்தில் ஆலைக்காரர்களும் இதே நெருக்கடியில்தான் இருந்தார்கள். ஜவ்வரிசியைச் சேமித்துவைக்கக் கிடங்கு இல்லை, கையில் நடைமுறை மூலதனம் இல்லை, இடைத்தரகர் சொன்ன விலைக்கே தள்ளிவிட வேண்டியிருந்தது. 1981-இல் அவர்கள் சேர்ந்து ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். சரக்கைக் கிடங்கில் வைக்கலாம், வைத்த சரக்கின் பேரில் முன்பணம் பெறலாம், ஏல முறையில் விற்கலாம் என்று ஆனதும் அவர்களுக்குப் பேரம் பேசும் வலு வந்தது. கிழங்கு அரைக்கப்பட்டு ஜவ்வரிசியாகக் காய்ந்த பிறகு அது காத்திருக்கக்கூடிய பொருள், காத்திருப்பதற்கான நிறுவனமும் அதற்கு உண்டு. பச்சைக் கிழங்காக விவசாயியின் கையில் இருக்கும்வரை அது காத்திருக்க முடியாத பொருள், காத்திருக்க உதவும் நிறுவனமும் இல்லை. பயிர் ஒன்றுதான், சங்கிலியின் ஒரு கண்ணி வலுப்பெற்றது, இன்னொரு கண்ணி விடுபட்டுப்போனது. இதைச் சந்தையின் இயற்கை என்று சொல்லிவிட முடியாது. மனிதர்கள் கூடி ஏற்படுத்திய ஏற்பாடு ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போனதன் விளைவு இது.

ஆபத்து விலையிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரே வகைக் குச்சியை வெட்டி வெட்டி நடுவதால் ஒரு வட்டாரத்தின் செடிகளெல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்பாக இருக்கின்றன, நோயும் பூச்சியும் அந்தக் குச்சியோடு சேர்ந்தே பயணம் செய்கின்றன. தேமல் நோய் நெடுநாள் தொல்லை. 2020-இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிலேயே சேலம், நாமக்கல் வயல்களில் பரவியது. அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி ஒன்றைக் கொண்டுவந்து, 2022-இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கி வயல்களில் விட்டார்கள். பாராட்ட வேண்டிய அறிவியல் பணி அது. ஆனாலும் இங்கே எண்ணிப்பார்க்க ஒன்று உண்டு. பல தானியமும் பயறும் கலந்த காட்டில் ஒரு பூச்சி வந்தால் குடும்பம் ஒரு பயிரை இழக்கும். காடு முழுக்க மரவள்ளியாக இருக்கும்போது அதே பூச்சி ஓராண்டு வருமானத்தையே கொண்டுபோகும். கலப்புப் பயிர் விவசாயியின் சொந்தக் காப்பீடாக இருந்தது. அதை எடுத்துவிட்ட இடத்தில் பயிர்க் காப்பீடோ வேறு பொதுக்காப்போ வந்து நிற்க வேண்டும். அது முழுதாக வந்து சேராத இடங்களில் காப்பீட்டு வேலையை வட்டிக்குக் கடன் கொடுப்பவரும், முன்பணம் கொடுத்து அறுவடையை எழுதி வாங்கிக்கொள்ளும் வியாபாரியும் செய்கிறார்கள்.

குடும்பத்துக்குள் நடக்கும் மாற்றம் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. தானியம் வீட்டில் இருக்கும்போது எவ்வளவு விதைக்கு, எவ்வளவு சமையலுக்கு, எவ்வளவு உறவுக்காரருக்கு என்பதைப் பெரும்பாலும் பெண்களே முடிவுசெய்தார்கள். விதையைத் தேர்ந்து, சாம்பலோ வேப்பிலையோ கலந்து காப்பாற்றியதும் அவர்களே. ஆலையில் கிழங்கு எடைபோட்டு வாங்கும் பணம் லாரியோடு போன ஆணின் கையில் விழுகிறது. உரல் வேலை போனது பெண்களுக்குப் பெரிய விடுதலை, களஞ்சியத்தின் மீதிருந்த அதிகாரம் போனது பெரிய இழப்பு. இரண்டும் ஒன்றாகவே நடந்தன. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 1980-களில் நடந்தது இன்னும் துலக்கமான பாடம். அங்கே நெல் பெண்களின் பயிர். ஜஹாலி பச்சார் என்ற இடத்தில் பாசனத் திட்டம் வந்து நெல்லில் வருமானம் பெருகியதும், பெண்களுக்கு நிலம் தர வேண்டும் என்று திட்டமே நினைத்திருந்தும், வயல்களின் கட்டுப்பாடு பெரும்பாலும் ஆண்களிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே பயிர்கூட மாறவில்லை. உணவுப்பயிரே காசு தரத் தொடங்கியதும் அதிகாரம் கைமாறியது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். ரேஷன் கடை இருக்கும்போது யாரும் தானியம் விளைவித்தே ஆக வேண்டும் என்பதில்லையே, பின் எதற்கு இந்தக் கவலை? இந்த மறுப்பில் பெரிய உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் அனைவருக்குமான பொது விநியோகத் திட்டமும் 2011 ஜூன் முதல் தரப்படும் விலையில்லா அரிசியும் இல்லாவிட்டால், மரவள்ளி விலை சரிந்த ஒவ்வோர் ஆண்டும் மலைமேல் பட்டினி ஆண்டாக ஆகியிருக்கும். ஆனால் இது என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிசெய்கிறது. பணப்பயிர் இங்கே தாங்கக்கூடியதாக இருப்பதற்குக் காரணம், அதன் ஆபத்தில் ஒரு பங்கைப் பொதுப்பணம் சுமப்பதுதான். அந்தச் சுமையின் பயனை விவசாயி மட்டும் அனுபவிக்கவில்லை, மலிவாகக் கிழங்கு வாங்கும் தொழிலும் அனுபவிக்கிறது. இன்னொரு பக்கம், ரேஷன் வயிற்றை நிரப்பினாலும் தட்டைச் சுருக்கிவிட்டது. கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்தும் அவரை துவரையின் புரதமும் இருந்த இடத்தில் தீட்டிய அரிசி மட்டும் நிற்கிறது. இதற்கும் ரேஷன் வழியாகவே மருந்து உண்டு. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது அப்படியொரு முயற்சி.

இரண்டாவது மறுப்பு புள்ளிவிவரத்தோடு வரும். பணப்பயிருக்கு மாறிய குடும்பங்களைப் பல நாடுகளில் ஆராய்ந்து யோவாகிம் ஃபான் பிரவுனும் ஐலீன் கென்னடியும் 1994-இல் தொகுத்த நூல், பெரும்பாலான இடங்களில் வருமானம் கூடியதையும், பிள்ளைகளின் ஊட்டநிலை பொதுவாகக் கெடவில்லை என்பதையும் காட்டியது. பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 1970-களின் நடுவில் அங்கே சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் இருந்தது, இப்போது 2 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. ரப்பரும் தென்னையும் கட்டிடங்களும் அந்த இடத்தைப் பிடித்தன. ஆனாலும் கல்வியிலும் குழந்தை நலத்திலும் கேரளம் முன்வரிசையில் நிற்கிறது. இந்தச் சான்றுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் கேரளத்தைத் தாங்கிப்பிடித்தது ரப்பர் மட்டும் இல்லை. நிலச்சீர்திருத்தம், ரேஷன், அரசு மருத்துவமனை, பள்ளிக்கூடம், வெளிநாட்டிலிருந்து வந்த பணம் ஆகியவை சேர்ந்து தாங்கின. அந்தத் தாங்கல் போதாமல் போன இடம் வயநாடு. 2000-க்குப் பிறகு மிளகு, காப்பி விலைகள் சரிந்து, மிளகுக்கொடியை வாடல் நோயும் தாக்கியபோது கடன்பட்ட விவசாயிகள் பலர் தற்கொலை செய்துகொண்டனர். விவசாயிகளின் கடன் நிவாரணத்துக்கென்றே ஓர் ஆணையத்தை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் மூலம் கேரளம் ஏற்படுத்த வேண்டியிருந்தது. சராசரி வருமானம் கூடுவது ஓர் உண்மை. சரிவு வரும் ஆண்டில் சிறு விவசாயி தனியாக அகப்பட்டுக்கொள்வது இன்னோர் உண்மை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்கக் கூடாது.

அப்படியானால் எல்லோரும் சாமைக்கும் தினைக்கும் திரும்பிவிட வேண்டியதுதானா? ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் இந்த ஆசை நகரங்களில் பெருகியிருக்கிறது. ஆனால் சிறுதானியமும் பணப்பயிர் ஆகலாம். நகரத்துக் கடையில் நல்ல விலைக்குப் போகும் சாமையை முழுதாக விற்றுவிட்டு, விளைவித்தவர் ரேஷன் அரிசியையே உண்ணும் நிலை வந்தால், பயிரின் பெயர் மாறியதே தவிர வேறெதுவும் மாறவில்லை. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து செய்துவந்த பணியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இதைவிட நுட்பமானது. ஊர்களில் விதை வங்கிகளை உண்டாக்கினார்கள், சாமை உமி நீக்கும் இயந்திரங்களை மலைக்கே கொண்டுவந்து மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள், மாவாகவும் கலவையாகவும் விற்க வழிசெய்தார்கள். தானியம் மறைந்துபோனதற்கு ஒரு முக்கியக் காரணம் உரல் என்று கண்டு, அந்த உழைப்பைக் குறைத்தார்கள். பழைய வாழ்க்கைக்குத் திரும்பச் சொல்லாமல், பழைய பயிரைப் புதிய வாழ்க்கைக்குப் பொருத்தப் பார்த்தார்கள். மரவள்ளியின் ஆதிக்கத்தை அது முறியடித்துவிடவில்லை. ஆயினும் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்தது.

இதிலிருந்து நான் வந்தடையும் முடிவுகள் சில. பணப்பயிர் விளைவிக்கும் சிறு விவசாயி தன் நிலத்தில் ஒரு பங்கையாவது வீட்டுத் தானியத்துக்கும் பயறுக்கும் ஒதுக்கிக்கொள்வது பிற்போக்கு ஆகாது. அது அவருக்குப் பேரம் பேசும் வலு, அரசின் வேளாண் திட்டங்கள் அதை ஊக்குவிக்க வேண்டும். கெட்டுப்போகும் விளைபொருளைக் கெடாத பொருளாக மாற்றும் வசதி விளைவிப்பவரின் பக்கத்திலும், முடிந்தவரை அவருடைய கூட்டுறவின் கையிலும் இருக்க வேண்டும். ஆலைக்காரர்களுக்கு 1981-இல் சாத்தியமானது கிழங்கு விவசாயிகளுக்கும் சாத்தியம்தான். பாயிண்ட் அளப்பது இரு தரப்புக்கும் பொதுவான, அரசு சோதித்துச் சான்றளித்த கருவியால் நடக்க வேண்டும். கிழங்குப் பணமும் தானியப் பணமும் பெண்களின் வங்கிக் கணக்குக்கும் நேராகப் போகும் வழி வேண்டும். ரேஷனில் உள்ளூர்ச் சிறுதானியம் நிலையான இடம் பெற வேண்டும். இவை எதற்கும் பெரிய கண்டுபிடிப்பு தேவையில்லை. ஒரு விவசாயிக்கு இன்று விற்க மாட்டேன் என்று சொல்லும் வசதியும், அப்படிச் சொன்ன பிறகும் அவர் வீட்டில் சோறு பொங்கும் என்ற உறுதியும் இருந்தால், அவர் கிழங்கு நட்டாலும் சாமை விதைத்தாலும் நன்றாக இருப்பார். அந்த இரண்டையும் உறுதிசெய்யாமல் பயிரை மட்டும் மாற்றச் சொல்லும் அரசுத் திட்டமும் சரி, நகரத்து அறிவுரையும் சரி, நஷ்டத்தை ஏழையின் தலையிலிருந்து இறக்கப்போவதில்லை.